மாங்காய் கொடுத்தவர் தோப்பைக் கேட்கலாமா?

சென்ற ஆண்டு, நாம் பிழைப்பை நாடி வந்து குடியமர்ந்திருக்கும் இவ்வடபுல நகரில் நிகழ்ந்த தமிழ் விழா ஒன்றில், கடல் கடந்த தமிழர் பெருமை குறித்துச் சொற்பொழிவு ஒன்று நடைபெற்றது. எந்த மன்றம், பேசியவர் எவர் என்பன ஈண்டு வேண்டாதவை. கடாரம், சாவகம் என்று தொடங்கிய பேச்சு கடைசிக் கால்மணி நேரத்தில் பிலிப்பைன் தீவுகளில் போய்க் கரையிறங்கியது. அங்குள்ளார் வணங்கிய தெய்வங்கள் யாவும் நம் தெய்வங்களே, அவர்கள் சொல்லும் கதைகள் யாவும் நாம் கப்பலேற்றி அனுப்பிய சரக்கே, செபு நகரை நிறுவியவனும் ஒரு சோழ இளவரசனே என்று அவ்வறிஞர் முழங்கினார். மண்டபம் கைதட்டியது. நாமும் தட்டினோம், அதை மறைப்பதற்கில்லை.

வீடு திரும்பும் பேருந்தில், உடன் வந்த நண்பரின் மகள், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெண், நம்மைப் பார்த்து, “மாமா, அப்போ அவங்களுக்குன்னு சொந்தமா ஒரு கதைகூடக் கிடையாதா?” என்று கேட்டாள். நம்மிடம் விடையில்லை. கேள்வி மட்டும் நம்மோடு வீடு வந்து சேர்ந்தது.

நடுவண் அரசு அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு கூற்று வந்தால் அதன் அடியில் ஆவணம் உண்டா என்று பார்ப்பது கைவந்த பழக்கம். ஆகவே சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை நூலகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். அதன் பயனாகச் சொல்லத் துணிவது இது: அன்று நாம் தட்டிய கை, தட்டியிருக்கக் கூடாத கை.

ஏன் என்பதை முதலில் நம் வீட்டு வழக்கிலிருந்தே சொல்லிவிடுவோம். இந்நகரில் வேலை பார்க்கும் தமிழர் ஒவ்வொருவரும் அலுவலகத்தில் என்றேனும் ஒருநாள் இதைக் கேட்டிருப்பர். எதிர் மேசைக்காரர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, “உங்கள் தமிழும் வடமொழியிலிருந்து வந்ததுதானே? உங்கள் தெய்வங்களும் எங்களுடையவைதானே?” என்பார். பகைமையோடு சொல்வதில்லை, பெரிய மனத்தோடு, நம்மைத் தம் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளும் பாவனையில் சொல்வார். அந்தப் பெருந்தன்மைதான் நம்மைச் சுடுகிறது. அன்று மாலை மனைவியிடம் சொல்லிப் பொருமுகிறோம். மறுநாள் சங்கத்தில் கூடிக் கொதிக்கிறோம். அதே நாம், ஒலிபெருக்கி ஒன்று கைக்கு வந்தவுடன், நமக்கு ஒரு தீங்கும் செய்யாத தீவு மக்களிடம் அதே பெருந்தன்மையைக் காட்டப் புறப்படுகிறோம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

அம்மக்களுக்குச் சொந்தக் கதை உண்டா என்ற கேள்விக்கு வருவோம்.

பனாய் தீவில் வாழ்ந்த மிகேல் தே லோவர்கா என்னும் ஸ்பானியர் 1582-இல் ஒரு குறிப்பு எழுதினார். ஸ்பானியர் அங்கு நிலையாகக் குடியேறி அப்போது பதினேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. கடற்கரை மக்கள் தமக்குச் சொன்ன தோற்றக் கதையை அவர் அதில் பதிந்துள்ளார். கரைக்காற்றும் கடற்காற்றும் மணந்துகொண்டன. அவற்றுக்கு ஒரு நாணல் பிறந்தது. காப்தான் என்னும் தெய்வம் அதை நட்டது. நாணல் வளர்ந்து இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியிலிருந்து ஆணும் மறு பாதியிலிருந்து பெண்ணும் வெளிப்பட்டனர். அவன் பெயர் சிகாலாக். அவள் பெயர் சிகாபாய். ஆணைக் குறிக்கும் லலாகி என்ற சொல்லும், பெண்ணைக் குறிக்கும் பாபாயே என்ற சொல்லும் அப்பெயர்களிலிருந்தே வந்தன என்பது அவர்கள் கொள்கை.

சிகாலாக் அவளை மணந்துகொள்ள விரும்பினான். உலகில் வேறு ஆளில்லை. அவளோ மறுத்தாள். நாம் உடன்பிறந்தவர், ஒரே நாணலில் தோன்றினோம், நமக்கிடையே இருந்தது ஒரு கணுதானே என்றாள். வழக்கு முற்றியது. கடலிலுள்ள சூரை மீன்களைக் கேட்டனர், புறாக்களைக் கேட்டனர், கடைசியில் நிலநடுக்கத்திடம் போய்க் கேட்டனர். உலகில் மக்கள் பெருக வேண்டும், மணந்துகொள்ளுங்கள் என்று நிலநடுக்கம் தீர்ப்பளித்தது.

அன்பர்களே, இக்கதையில் எங்கே நம் சரக்கு? சூரை மீனும் நிலநடுக்கமும் வழக்குத் தீர்க்கும் கதை, கடலுக்கும் எரிமலைக்கும் நடுவில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கே தோன்றும். காவிரிக்கரையில் அமர்ந்து கதை சொன்னவர், நிலநடுக்கத்தை ஊர்ப் பெரியவராக நாற்காலியில் உட்கார வைத்திருக்கமாட்டார். அந்த ‘ஒரு கணு’ என்ற சொல்லைப் பாருங்கள். உறவின் நெருக்கத்தை அளக்க நாணலையே அளவுகோலாக எடுத்த அந்தப் பெயர் தெரியாத கதைசொல்லிக்கு நாம் எதைக் கற்றுக்கொடுத்திருப்போம்?

அதே தீவின் மலைவாழ் மக்கள் வேறு கதை சொன்னார்கள் என்றும் லோவர்கா எழுதுகிறார். ஆதியில் வானமும் நீருமே இருந்தன. இடையில் ஒரு பருந்து. பறந்து பறந்து களைத்து, உட்கார இடமின்றி, அது கடலை வானத்தின் மீது ஏவிவிட்டது. கடல் பொங்கியது. அதை அடக்க வானம் தீவுகளை அதன்மேல் வாரி இறைத்து, பருந்தை நோக்கி, அங்கே கூடு கட்டிக்கொள், எங்களை நிம்மதியாக விடு என்றது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் எப்படி வந்தன என்பதற்கு, களைத்த பறவை ஒன்று மூட்டிவிட்ட சண்டையே காரணம் என்னும் விளக்கம் நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இக்கதையின் மற்றொரு வடிவத்தை 1916-இல் மேபல் குக் கோல் என்னும் அமெரிக்கப் பெண்மணி தம் தொகுப்பில் வெளியிட்டார். முதல் பெற்றோருக்குப் பிள்ளைகள் பெருகிவிட்டனர். சோம்பித் திரியும் பிள்ளைகளைத் தந்தை ஒருநாள் கம்பெடுத்து விரட்டுகிறான். உள்ளறையில் ஒளிந்தவர்கள் தலைவர்களாயினர். வெளியே ஓடியவர்கள் சுதந்திர மனிதராயினர். சுவரிடுக்கில் பதுங்கியவர்கள் அடிமைகளாயினர். கடலுக்கு ஓடியவர்கள் பல்லாண்டுக் காலம் திரும்பவேயில்லை. அவர்களுடைய வழிவந்தோர் திரும்பி வந்தபோது வெள்ளையராக இருந்தனர். பீரங்கியோடு வந்து நாட்டைப் பிடித்தவனை, ‘அப்பன் அடிக்குப் பயந்து ஓடிப்போன நம் வீட்டுப் பிள்ளைதான்’ என்று கதைக்குள் இழுத்து உட்கார வைத்துவிட்டனர். தோற்றவர்கள் வென்றவனை இவ்வளவு அமைதியாகச் சிறுமைப்படுத்திய இன்னொரு கதை நாம் படித்த அளவில் இல்லை. இப்படிப்பட்டவர்களைத்தான், கதைக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருந்தவர்கள் என்று நம் மேடை சொல்கிறது.

நிற்க. தெய்வங்களைப் பற்றியும் ஒரு சொல். 1521-இல் மகெல்லனோடு செபுவுக்கு வந்த பிகாபெட்டா என்னும் இத்தாலியர், அங்குக் கண்ட வேள்வி ஒன்றை விரிவாக எழுதியுள்ளார். இரண்டு முதுபெண்டிர் நாணல் ஊதுகுழல்களை ஊதிக்கொண்டு ஞாயிற்றை வணங்கி, பன்றியைச் சுற்றி ஆடி, ஈட்டியால் குத்தி, அதன் குருதியைச் சூழ்ந்திருந்தோர் நெற்றியில் இடுகின்றனர். முதுபெண்டிரைத் தவிர வேறெவரும் அந்த ஊனைத் தூய்மை செய்ய உரிமையற்றவர் என்று அவர் குறிக்கிறார். தம் நெற்றியில் இடவில்லை என்பதையும் மறக்காமல் எழுதினார். விசயத் தீவுகளில் பபய்லான் என்றும், தகாலோகு நாட்டில் கதலோனன் என்றும் அழைக்கப்பட்ட பூசாரிகள் பெரும்பாலும் பெண்களே. நோய் தீர்ப்பதும், இறந்தோர் ஆவியை வழியனுப்புவதும், விதைப்புக்கு நாள் குறிப்பதும் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் பேணிய ஆவிகளுக்கு அனிதோ என்று பெயர். அச்சொல்லின் உறவினரை மலாய் மொழியில் ஹந்து என்றும், பசிபிக் நடுவிலுள்ள சமோவாவில் ஐத்து என்றும் காணலாம். அவர்களுடைய குடும்பம் கிழக்கே பல்லாயிரம் கல் தொலைவு கடலில் விரிந்து கிடக்கிறது. அக்குடும்பத்தை விட்டுவிட்டு அவர்களை நம் குடும்ப அட்டையில் சேர்க்க நாம் துடிக்கிறோம்.

அந்தப் பூசாரியரைப் பாதிரிமார் பேயின் ஏவலர் என்றனர். 1621-இல் போஹோல் தீவில் தம்ப்ளோட் என்னும் பூசாரி, மூதாதையர் தெய்வங்களை நம்பி எழுமாறு மக்களைத் திரட்டினான். கிளர்ச்சி ஓராண்டுக்குள் படைகொண்டு நசுக்கப்பட்டது. சொந்தக் கதைக்காக உயிர் கொடுத்த மக்கள் இவர்கள் என்பதை நம் சொற்பொழிவாளர் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

லூசோன் மலைகளில், வானத்துக்குப் படிக்கட்டு அமைத்ததுபோல் நெல்வயல்களை அடுக்கி வாழும் இபுகாவோ மக்களுக்கு ஹுட்ஹுட் என்னும் பாட்டுக்கதை உண்டு. இருநூறுக்கு மேற்பட்ட கதைகள். ஒவ்வொன்றும் நாற்பது பகுதி. முழுவதும் பாடி முடிக்கப் பல நாள் ஆகும். விதைப்பிலும் அறுவடையிலும் இழவு வீட்டிலும், முதிய பெண்ணொருத்தி முன்னெடுக்க மற்றவர் பின்பாடுவர். அதில் வரும் அலிகுயோன் என்னும் வீரன் தன் தந்தையின் பகைவனது மகன் பும்பக்காயோனோடு மூன்று ஆண்டு பொருதுகிறான். இருவரில் ஒருவரும் தோற்பதில்லை. ஈற்றில் ஒருவர் திறத்தை ஒருவர் மதித்து, ஒருவர் தங்கையை ஒருவர் மணந்து பகை தீர்க்கின்றனர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் ஊர்க்காரருக்கு இது எளிதில் விளங்கும். 2001-இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் அருஞ்செல்வம் என்று அறிவித்தது. ஆனால் இயந்திரம் வந்து கைக்கதிர் அறுப்பு குறைந்ததால் பாடும் வாய்ப்பு அருகி வருகிறது. பாடத் தெரிந்தவர்களோ முதியோர். நாற்று நடவுப் பாட்டும் ஒப்பாரியும் நம் ஊர்களில் என்னவாயின என்பதை அறிந்தவர்கள் இதைப் படித்து ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள்.

இனி, நம் தரப்பில் காட்டப்படும் ஆவணங்களைப் பார்ப்போம். ஆவணமே இல்லையென்று சொல்ல வரவில்லை, உண்டு. 1917-இல் மிந்தனாவோ தீவின் அகுசான் பகுதியில் வெள்ளத்துக்குப் பின் கிடைத்த பொற்படிமம், இரண்டு கிலோவுக்குச் சற்றே குறைந்த எடை, இன்று சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பௌத்தத் தாரையா, வேறு தேவியா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகின்றனர். 1989-இல் லகுனா மாநிலத்தில் கிடைத்த செப்பேட்டில் சக ஆண்டு 822, வைகாசித் திங்கள் என்ற நாள் தெளிவாக உள்ளது, அஃதாவது கி.பி. 900. எழுத்து சாவகத்துக் கவி எழுத்து, மொழி பழைய மலாய், வடசொற்கள் நிறைய. மேடைக்கு இது போதாதா! ஆனால் அச்செப்பேடு என்ன சொல்கிறது தெரியுமா? நம்வரன் என்பவருடைய பொன் கடன் தீர்ந்தது, அவர் மக்களும் வழியினரும் இனிக் கடனாளிகள் அல்லர் என்கிறது. எம் போன்ற எழுத்தருக்கு இது நன்கு பழகிய ஆவணம்: நிலுவையில்லாச் சான்று! பிலிப்பைன் நாட்டின் மிகப் பழைய எழுத்தாவணம், ‘இவர் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர்’ என்று சொல்வதை நாம் கொஞ்சம் நின்று படிப்பது நல்லது.

அடுத்து, சொற்கள். தகாலோகு மக்கள் முழுமுதற் கடவுளைப் பத்ஹாலா என்பர். அது வடமொழிப் பட்டார என்பதன் திரிபென அறிஞர் காட்டியுள்ளனர். திவாதா என்பது தேவதையே. மறுக்கவில்லை. ஆனால் அதே பட்டாரச் சொல் நம் கல்வெட்டுகளிலும் படாரர் என்று வந்து அமர்ந்திருக்கிறதே! அதைக் கொண்டு நம் கோயில்கள் இரவல் கோயில்கள் ஆகிவிடுமா? தகாலோகு மக்கள் அக்கடவுளுக்குச் சேர்த்துச் சொல்லும் மேய்கபால், அஃதாவது படைத்தவன், என்னும் அடைமொழியோ முழுக்க முழுக்க அவர்கள் சொல். நம் தமிழ் நேராகவே கொடுத்த சொல் ஒன்றையும் மகிழ்ச்சியோடு சொல்கிறோம்: அவர்கள் மங்கா என்பது மலாய் வழியே போன நம் மாங்காய்தான். மாங்காய் கொடுத்தோம். அதற்காக அவர்கள் தோப்புக்குப் பட்டா கேட்கலாமா?

இராமகதையையும் காட்டுவார்கள். மிந்தனாவோவின் மரனாவோ முஸ்லிம்களிடையே மகாராடியா லாவனா என்னும் கதை வழங்குகிறது. அதைத் தேடி எடுத்து 1960-களின் இறுதியில் உலகறியச் செய்தவர் குவான் பிரான்சிஸ்கோ என்னும் பிலிப்பினோ அறிஞர். அவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் என்பது நமக்குப் பெருமையே. லாவனா இராவணன்தான், ஐயமில்லை. ஆனால் கதையில் வில் முறிப்பு இல்லை. பிரம்புப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் சிப்பா விளையாட்டில் வென்றுதான் நாயகன் இளவரசியைக் கைப்பிடிக்கிறான். குரங்குத் துணைவனுக்கு லக்சமனா என்று பெயர்! நம் வீட்டுப் பாட்டிகள் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வந்த கதையைத் தம் தெருவில் பந்து விளையாட விட்டு, தம் பிள்ளையாக்கிக்கொண்ட திறம் யாருடையது? பிரான்சிஸ்கோவே கூட, இந்தியச் செல்வாக்கு மலாய் உலகின் வழியாக, சுற்றி வளைத்து வந்தது என்றே எழுதினார். நம் பல்கலைக்கழகத்தில் படித்தவர் காட்டிய அடக்கம் நம் மேடைக்கு இல்லாமற் போனது வருந்தத்தக்கது.

கடைசியாக அந்தச் சோழ இளவரசன். ஸ்ரீ லுமாய் என்பவன் சோழ மன்னனால் அனுப்பப்பட்டு, செபுவில் தனியரசு அமைத்தான் என்னும் செய்தி அகினித் என்ற நூலிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்நூல் இருபதாம் நூற்றாண்டில், ஜோவிட்டோ அபெல்லானா என்பவரால் எழுதப்பட்டது. வாய்வழி வந்தது என்பர். வரலாற்றறிஞர் சான்றாக ஏற்பதில்லை. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கடல் கடந்து கொண்ட ஊர்களைக் கடாரம், ஸ்ரீவிசயம், நக்கவாரம் என வரிசையாக அடுக்குகிறது. அவ்வரிசையில் செபு என்று கொள்ளத்தக்க ஊர் இல்லை. 1521-இல் செபு அரசன் ஹுமபோனுக்கு அருகிலிருந்த ஒரு சியாம் நாட்டு வணிகன், வந்தவர்களைப் போர்த்துகீசியர் என்று தவறாக எண்ணி, கள்ளிக்கோட்டையையும் மலாக்காவையும் வென்றவர்கள் இவர்கள், எச்சரிக்கை என்று சொன்னதாகப் பிகாபெட்டா எழுதுகிறார். அவன் வாயில் கள்ளிக்கோட்டை வந்தது, தஞ்சாவூர் வரவில்லை.

இத்தகைய பொய்ப் பெருமையை அம்மக்களே எப்படிக் கையாண்டனர் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1914-இல் ஹோசே மார்கோ என்பவர் பழைய கையெழுத்துச் சுவடிகள் என்று சிலவற்றை மணிலா நூலகத்திடம் சேர்த்தார். 1433-இல் கலந்தியாவ் என்னும் தலைவன் சட்டநூல் இயற்றினான் என்று அதில் இருந்தது. ஸ்பானியர் வருமுன்பே எங்களுக்குச் சட்டம் இருந்தது என்று சொல்ல ஏங்கிய நாட்டுக்கு அது அமுதமாயிற்று. பாடநூலில் ஏறியது, அப்பெயரால் அரசு விருதும் பிறந்தது. 1968-இல் வில்லியம் ஹென்றி ஸ்காட் என்னும் ஆய்வாளர், மணிலாப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிலிப்பினோ அறிஞர் குழு முன் அது போலி என்று நிறுவினார். கலந்தியாவ் மட்டுமன்று, பழந்தெய்வங்களைப் பற்றி மார்கோ சேர்த்த வேறு சுவடிகளும் போலிகளே. 2004-இல் நாட்டின் வரலாற்று நிறுவனமே அதைப் புரட்டு என்று முறைப்படி அறிவித்தது. தம்மைப் புகழ்ந்த பொய்யைத் தாமே கிழித்தெறிந்தார்கள். அந்தத் துணிவு நம் சங்கங்களில் எத்தனை பேருக்கு உண்டு? அவர்கள் எறிந்த குப்பை போன்ற ஒன்றை நாம் பொறுக்கிப் பொன்னாடை போர்த்துகிறோம்.

‘நாங்கள் புகழத்தானே செய்கிறோம், இதில் என்ன தீங்கு’ என்று சிலர் கேட்கக்கூடும். பிறர் கதையைத் தம் தேவைக்கு எடுத்தவர் வரிசையில் யார் யார் நிற்கின்றனர் என்று பாருங்கள். அம்மக்களிடம் அஸ்வாங் என்னும் குருதி குடிக்கும் உருவத்தைப் பற்றிய அச்சம் பழையது. 1589-இல் பிளசென்சியா பாதிரியார் எழுதிய பட்டியலிலேயே அது உள்ளது. 1950-களின் தொடக்கத்தில், நிலத்துக்காகப் போராடிய ஹுக் உழவர் படையை அடக்க வந்த எட்வர்டு லான்ஸ்டேல் என்னும் அமெரிக்க அதிகாரி, இந்த அச்சத்தைப் போர்க்கருவியாக்கினார். பதுங்கியிருந்து ஒரு போராளியைப் பிடித்து, கழுத்தில் இரண்டு துளை இட்டு, குருதியை வடித்து, பிணத்தை மீண்டும் பாதையில் போட்டனர். அஸ்வாங் கடித்தது என்றஞ்சி மற்றவர் அம்மலையை விட்டகன்றனர். இதை அவரே 1972-இல் வெளியிட்ட நினைவுநூலில் எழுதினார். நாம் அந்த அளவுக்குப் போகவில்லைதான். ஆனால் கதைக்கு உரியவரைக் கேளாமல் கதையை எடுக்கும் கை, அந்த முதலடியில் ஒரே கைதான்.

மாறாக, இலோகோ நாட்டு இசபெலோ தே லோஸ் ரெயெஸ் 1889-இல் தம் மக்கள் நம்பிக்கைகளைத் திரட்டி நூலாக்கினார். இந்தியோக்களின் மூடநம்பிக்கை என்று ஸ்பானியர் நகைத்தவற்றுள் பல, ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர்களிலும் இருப்பதை எடுத்துக் காட்டினார். ஆளப்பட்டவன் ஆள்பவன் வீட்டுத் திண்ணையைக் காட்டி, ‘இங்கும் இருக்கிறதே’ என்றான். ஒப்பிடுவதென்றால் அப்படி ஒப்பிட வேண்டும், சமமாக நின்று. வெளியாள் ஒருவர் குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனபின் அது அழுதால் ஊசோக் என்று சொல்லி, அவரையே அழைத்து எச்சில் தொட்டு வைக்கச் செய்வர் அங்கே. இழவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வாராமல் வேறெங்கேனும் தங்கி வருவர். உடன்பிறந்தார் இருவர் ஒரே ஆண்டில் மணம் செய்யலாகாது என்பர். கண்ணேறு கழிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. எவர் எவருக்குக் கொடுத்தார் என்ற கேள்வியும் தேவையில்லை.

புற்றையோ பழமரத்தையோ கடக்கும்போது, அங்கு உறையும் கண்ணுக்குத் தெரியாத முதியவர் கால் மிதிபடலாகாது என்று, “தாபி தாபி போ” என்று சொல்லிக்கொண்டே நடப்பது அந்நாட்டு வழக்கம். ‘சற்று வழிவிடுங்கள், ஐயா’ என்பது பொருள். பிறர் இடத்தில் கால் வைக்குமுன் சொல்ல வேண்டிய சொல்.

நண்பரின் மகளுக்குச் சிகாலாக், சிகாபாய் கதையைச் சொன்னோம். நிலநடுக்கம் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் கைகொட்டிச் சிரித்தாள். வரும் ஆண்டுவிழாவில் சிறுவர் நாடகமாக அதை நடிக்கலாம், அது எந்த மக்களுடைய கதை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்துள்ளோம். சூரை மீன் வேடத்துக்கு இரண்டு பிள்ளைகள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டனர். குழுவின் விடை இன்னும் வரவில்லை.